பிறர் இடத்தில் பெற்ற தங்கம்

புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்தோடு ஒப்பிட்டதை நாம் அறிவோம். முப்பதாண்டுகளுக்கு மேல் உடற்பயிற்சி ஆசிரியனாகப் பணியாற்றிய எனக்கு அவ்வுவமை மிகவும் உகந்தது. மாணவர்க்கு அதை எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஆனால் ஓடுகிறவன் தன் இடத்தில் ஓடுகிறானா, பிறன் இடத்தில் ஓடுகிறானா என்று நான் கேட்டதே இல்லை. அக்கேள்வியை என்னுள் எழுப்பியவர், நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஓர் ஒலிம்பிக் வீரர்.

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் திருவிழாவையொட்டி இளைஞர்களுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. பரிசளிப்பு நாளில் கத்தோலிக்க விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி பங்குத்தந்தை என்னைப் பணித்தார். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருபவர் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற ஜெசி ஓவன்ஸ். நூறு மீட்டர் ஓட்டத்தில் அவருக்கு அடுத்து வந்த ரால்ஃப் மெட்காஃபை நினைப்பார் அரிது. அவரைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

மெட்காஃப் 1910-இல் அட்லாண்டாவில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்த கறுப்பின இளைஞர். மில்வாக்கி நகரில் இயேசு சபையினர் நடத்தும் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்குப் பயின்ற நாள்களிலேயே கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவினார். 1932, 1933, 1934 ஆகிய மூன்றாண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் இரு குறுந்தூர ஓட்டங்களிலும் முதலிடம் அவருக்கே.

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் நூறு மீட்டர் ஓட்டத்தில் அவரும் எடி டோலன் என்பவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் கோட்டை எட்டினர். இருவருக்கும் பதிவான நேரம் 10.3 வினாடி. உடல் முழுவதும் முதலில் கோட்டைக் கடந்தவரே வென்றவர் என்பது அந்நாளைய விதி. படத்தை ஆராய்ந்த நடுவர்கள் டோலனுக்குத் தங்கம் அளித்தனர். கோட்டை முதலில் எட்டியவரே வென்றவர் என்று அவ்விதி பிற்காலத்தில் மாறிவிட்டது. அதே ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் அவருடைய தொடக்கக் கோடு தவறாகக் குறிக்கப்பட்டு, மற்றவர்களைவிடச் சற்று அதிகத் தூரம் ஓட நேர்ந்தது என்பர். மூன்று பதக்கங்களும் தம் நாட்டவர்க்கே கிடைத்திருந்தமையால், மீண்டும் ஓடிப் பார்க்க அவர் விரும்பவில்லையாம். வெண்கலத்தோடு மனநிறைவு கொண்டார்.

இதுவரை எனக்கு மகிழ்ச்சியே. இளைஞர்க்குச் சொல்லத் தக்க நல்ல பாடம் கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். பிறகுதான் அவருடைய ஒரே ஒலிம்பிக் தங்கத்தின் வரலாற்றைப் படித்தேன்.

1936-இல் பெர்லினில் நானூறு மீட்டர் தொடரோட்டத்திற்கு மார்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்னும் இரு கல்லூரி மாணவர்கள் பயிற்சி பெற்றிருந்தனர். அமெரிக்கத் தடகளக் குழுவில் யூதர்கள் இவ்விருவர் மட்டுமே. கிளிக்மனுக்கு வயது பதினெட்டு. போட்டி தொடங்கும் நாள் காலையில் அவ்விருவரும் நீக்கப்பட்டனர். ஜெர்மானியர் திறமைமிக்க வீரர்களை மறைத்து வைத்திருப்பதாகவும், ஆகவே ஓவன்ஸும் மெட்காஃபும் ஓட வேண்டும் என்றும் பயிற்சியாளர்கள் காரணம் கூறினர். அப்படி மறைந்திருந்தவர் எவரும் வெளிப்படவில்லை. அமெரிக்கா 39.8 வினாடிகளில் உலக சாதனையுடன் வென்றது. ஜெர்மனி ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கி மூன்றாவதாக வந்தது. இட்லரின் கண்முன் யூதர்கள் பதக்கம் பெறலாகாது என்றே தாங்கள் விலக்கப்பட்டதாகக் கிளிக்மன் இறுதிவரை நம்பினார்.

இந்த இடத்தில் என் எழுதுகோல் நின்றுவிட்டது. ஏனெனில் அப்படியொரு காலை என் வாழ்விலும் உண்டு.

பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில், மாவட்டப் போட்டிக்கான தொடரோட்டக் குழுவில் மூன்றாமவனாக ஓட வேண்டியவன் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். போட்டியன்று காலை, பள்ளிக்கு நன்கொடை அளித்து வந்த பெரியவர் ஒருவரின் மகனைச் சேர்க்குமாறு மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவனும் நன்றாக ஓடக்கூடியவனே. நான் மறுமொழி பேசவில்லை. "உன் கால் வீங்கியிருக்கிறது, தம்பி. இன்றைக்கு ஓய்வெடு" என்று அந்த ஏழைச் சிறுவனிடம் பொய் சொன்னேன். அவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். நாங்கள் கேடயத்தோடு திரும்பினோம். அவன் அதன்பின் திடலுக்கு வரவேயில்லை.

வேண்டாத ஒருவனை விலக்க மெய்போல் ஒரு காரணம் எப்போதும் கைவசம் இருக்கிறது. பெர்லினில் அது மறைந்திருந்த வீரர்கள். எனக்கு அது வீங்காத கால்.

மெட்காஃப் தம் பதக்கத்தை எண்ணி என்ன நினைத்தார் என்று நான் சொல்லத் துணியேன். அங்கே முடிவெடுத்தவர் அவரல்லர். ஆனால் அவர் பிற்கால வாழ்வு நமக்குத் தெரியும். நியூ ஆர்லியன்ஸில் உள்ள கத்தோலிக்க சேவியர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். பின்னர் சிகாகோ நகர மன்ற உறுப்பினராகி, 1971 முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். 1972-இல் கறுப்பின மருத்துவர் இருவரைக் காவலர் கொடுமைப்படுத்தியபோது, தம்மை வளர்த்துவிட்ட மேயர் ரிச்சர்ட் டேலியையே எதிர்த்து நின்றார். 1976-இல் கட்சியின் தலைமை அவருக்கு எதிராக வேறொருவரை நிறுத்தியும், மக்கள் அவரையே தேர்ந்தனர். 1978-இல் காலமாகும்வரை அப்பதவியில் இருந்தார். மேலிடத்துச் சொல்லுக்கு மறுமொழி பேச அவருக்கு வாய் இருந்தது. எனக்கு இல்லை.

1998-இல், அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க ஒலிம்பிக் குழு கிளிக்மனை அழைத்து விருதளித்துச் சிறப்பித்தது. ஸ்டோலர் அதைக் காண உயிரோடில்லை. இதைப் படித்ததும், காலம் தாழ்ந்தாலும் போகவேண்டிய இடம் ஒன்று எனக்கு இருப்பதை உணர்ந்தேன்.

விசாரித்துச் சென்றேன். பக்கத்து ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான் அவன், தலை நரைத்துவிட்டது. எழுந்து நின்று, "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "கால் வீங்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் சார். வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்று அம்மாதான் எண்ணெய் தடவிவிட்டார்கள்" என்றான். காப்பி வரவழைத்துக் கொடுத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பரிசளிப்பு நாளில் மெட்காஃபைப் பற்றிப் பேசினேன்; கிளிக்மன், ஸ்டோலர் பெயர்களையும் சேர்த்தே சொன்னேன். என் கதையையும் மறைக்கவில்லை. பெற்றோரே, ஆசிரியரே, நம் பிள்ளைகள் பரிசோடு வீடு திரும்பும்போது அவர்களைத் தட்டிக்கொடுப்போம். அத்தோடு, அந்த இடத்தில் ஓட வேண்டியவன் எவனேனும் வீட்டில் அமர்ந்திருக்கிறானா என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.