எர்த்து

எங்கள் வீட்டு ஹெரால்டை விற்றுவிடுவதென்று கடந்த ஆடி மாதத்தில் முடிவு செய்தேன். அதற்கு நான் எல்லோரிடமும் சொன்ன காரணம் பேட்டரி. பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரிகள் மாற்றியாயிற்று. மூன்றாவதும் சோர்ந்து கிடந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஒரு முனகலோடு நின்றுவிடும். சேலையூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வண்டி தள்ளுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டிருந்தது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கே பிறந்த வண்டி. தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் போகிறவர்கள், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அங்கே இருந்ததை மறந்திருக்கலாம். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின். முன்பக்கத்து மூடி, மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முழுதாக முன்னோக்கிச் சாயும். நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்துக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று. அது நம் ஊருக்கே உரியது. பிறகு கேஸல் வந்தது, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988இல் உற்பத்தியே நின்றது.

என் தந்தையார் 1969இல் அங்கே ஒயரிங் பிரிவில் சேர்ந்தவர். உற்பத்தி நின்றபோது எனக்கு ஒன்பது வயது. பகலில் அப்பா வீட்டில் இருப்பது பண்டிகையல்லாத நாளிலும் நிகழும் என்பதை அந்த வயதில்தான் அறிந்துகொண்டேன். சில ஆண்டுகள் கழித்து, ஓடாமல் கிடந்த 1970ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்றைக் கிடைத்த விலைக்கு வாங்கி வந்தார். அதன் ஒயர்கள் அவர் கையால் கட்டப்பட்டவையா என்று கேட்டால் சிரிப்பாரே தவிர விடை சொல்லமாட்டார்.

இப்போது அவருக்குக் காது மந்தம், முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆகவே வைத்தியம் பார்க்கும் பொறுப்பு தமிழ் இலக்கணம் நடத்துகிற என்னிடம் வந்தது. மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு முறையாகவே கற்றேன். வண்டி ஓய்ந்திருக்கையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு நலம், 12.2 என்றால் பாதி வடிந்துவிட்டது என்று பொருள். நம் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர் அன்று, டைனமோ. எஞ்சின் மெல்ல ஓடும்போது அது ஏறக்குறைய ஒன்றும் தராது. முகப்பு விளக்கை எரியவிட்டுக் குரோம்பேட்டை நெரிசலில் அரைமணி நின்றால், பேட்டரி கைச்சேமிப்பைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கும்.

டைனமோவையும் சோதித்தேன். அதில் டி, எஃப் என்று இரு முனைகள். கம்பிகளைக் கழற்றி, அவ்விரண்டையும் சிறு ஒயரால் பிணைத்து, மீட்டரின் ஒரு முள்ளை அங்கும் மற்றதை டைனமோவின் உடம்பிலும் வைத்து எஞ்சினை மெல்ல முடுக்க வேண்டும். வோல்ட் தடையின்றி ஏறினால் டைனமோ நலம். 20ஐத் தாண்டவிடக் கூடாது. ஏறியது. கட்-அவுட் பெட்டியின் முனைகளைத் துடைத்தேன். ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். பேட்டரியைக் கடையில் சோதித்தார்கள், அதுவும் நலம். தனித்தனியே யாவும் நலம், வண்டி மட்டும் நோயாளி. நான் களைத்துப்போனேன். பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் விலை பேசியிருந்தார். சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. வாசலில் நாற்காலி போடச் சொல்லி அமர்ந்தார்.

"செல்ஃப் அடி."

அடித்தேன். முனகல்.

"இன்னொரு தரம். இப்ப சோக் கம்பியத் தொட்டுப் பாரு. சுடுதா?"

சுட்டது. முன்பும் ஓரிரு முறை சுட்டதுண்டு. எஞ்சின் சூடு என்று எண்ணி விட்டிருந்தேன். ஆனால் அன்று எஞ்சின் சூடேறவே இல்லையே!

"எர்த்து இல்லடா. கரண்டு திரும்ப வழியில்லாம சோக் கம்பி வழியா ஓடுது."

எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் சேசிஸையும் இணைப்பது பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அதன் வழியேதான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். டைனமோவின் மின்சாரமும் அப்படியே. அந்த வழி அடைபட்டால் ஸ்டார்ட்டும் ஆகாது, சார்ஜும் ஏறாது. பேட்டரியின் எர்த்து முனையிலிருந்து எஞ்சின் உடம்புக்கு மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட். ஜம்பர் ஒயர் ஒன்றால் அவ்விரண்டையும் நேரே இணைத்தேன். வண்டி முதல் அடியிலேயே உயிர் பெற்றது. நிலைமொழியும் வருமொழியும் சரி, சந்தியில்தான் பிழை. இதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குத் திருத்திக் கொடுக்கிறேன்!

பட்டையைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் உறவினர் வீட்டில் நின்றிருந்த இந்த வண்டிக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகு சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்தார்கள்; அந்தப் பெயிண்டின் மேலேயே பட்டையை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியே மட்டும் இத்தனை ஆண்டுகள் தொடர்பு இருந்திருக்கிறது. துரு அதையும் மெல்லத் தின்றுவிட்டது. உப்புத்தாள் கொண்டு இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புதுப்பட்டை முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். உப்புத்தாளுக்கும் பட்டைக்கும் ஆன செலவு ஒரு பேட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அன்று மாலை வண்டலூர்வரை போய்வந்தோம். விளக்கு மங்கவில்லை. திரும்பும் வழியில் அப்பா, நான் கேட்காமலே சொன்னார்:

"குடுக்கறதுன்னா குடு. எனக்கு ஒண்ணுமில்ல. கெட்டுப்போன வண்டின்னு சொல்லிக் குடுக்காத. அவ்வளவுதான்."

விலை பேசியவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பேட்டரியைக் காரணம் காட்ட இனி வழியில்லை.