நம் பிள்ளைகள் என்னவாக வேண்டும்?

மக்களைப் பெற்றோர் எவரும் தம் மக்கள் நலமுற வாழவேண்டுமென்று விரும்புவதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அந்த நலம் யாதென்று உசாவிப் பார்த்தால், பெரும்பாலும் பெற்றோர் தாம் பட்ட துன்பத்தை அளவுகோலாகக் கொண்டே அதனை அளந்திருப்பது விளங்கும்.

என் தாயாரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று நிற்கவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடுமாகையால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே நிரையில் இறங்கவேண்டும். இத்தனையும் செய்த பின்னர், அன்றைய உழைப்பு ஒரு பேரா, அரைப் பேரா என்று செக்ரோல் புத்தகத்தில் எழுதுபவர் கிராணியார். ஆகவே தம் மகன் கிராணியாக வேண்டுமென்பதே என் தாயாரின் வேண்டுதலாயிருந்தது. பேர் எழுதப்படுபவளின் மகன் பேர் எழுதுபவனாக வேண்டும்! இதனைக் குறுகிய எண்ணமென்று நகைப்பவர் நகைக்கட்டும். அவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிழலில் அமர்ந்து வேலை செய்த தமிழர் அந்த ஒருவரே அல்லரோ?

அந்த எண்ணத்துக்கு ஏணியாக இருந்தது தோட்டப் பள்ளிக்கூடம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டுமென்று ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் விதித்தது. விதித்தது உண்மையே, ஆயினும் கொட்டகையொன்றைப் போட்டு, கங்காணியையோ கிராணியையோ ஆசிரியராக்கிச் சட்டத்தின் வாயை மூடிய தோட்டங்கள் பல. அத்தகைய இடங்களிலிருந்தும் நம்மவர் படித்து மேலே வந்தனரென்றால், அப்பெருமை சட்டத்தைவிடப் பெற்றோரையே மிகுதியும் சாரும்.

நிற்க. என் தாயாரின் விருப்பம் மகனைப் பற்றியது. மகளைப் பற்றி? என் தமக்கையார் என்னிலும் நன்றாகப் படித்தவர். கணக்கில் அவரை வெல்ல எங்கள் லயத்தில் ஆளில்லை. எனினும் ஆறாம் வகுப்போடு அவரது படிப்பு நின்றது. வீட்டுக்கு இரண்டாவது பேர் தேவைப்பட்டது. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கிய கூலியில்தான் எனக்குப் புத்தகமும் காலணியும் வந்தன. "நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும்" என்பதற்கப்பால் அவரைப் பற்றி எவரும் யாதொன்றும் எண்ணியதாக எனக்கு நினைவில்லை.

இதனை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. என் மகள் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு, தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்கம்பி பொருத்தும் தொழிலைக் கற்க விரும்புகிறாள். ஒருமுனை மின்சாரம், மும்முனை மின்சாரம் என்று படிப்படியாகத் தேறி, எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் பெறவேண்டுமென்பது அவள் நோக்கம். இச்செய்தி வெளியானதுதான் தாமதம், உறவினர் வீட்டில் வந்து குவிந்துவிட்டனர். "பெண்பிள்ளை ஏணியில் ஏறுவதா?" என்றார் ஒருவர். "டாக்டருக்குப் படிக்கவையுங்கள், வீட்டை அடகு வைத்தாலும் தகும்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் ஜாதகத்தையே கையில் கொண்டுவந்திருந்தார்!

டாக்டர் படிப்பை நான் இழித்துரைக்கவில்லை. விருப்பமும் அறிவும் உள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் திருமண வீட்டில் நாலு பேர் முன்னிலையில் சொல்லிக்கொள்வதற்காக, இரத்தத்தைக் கண்டு மயங்கும் பிள்ளையை அதில் தள்ளுவது அன்பாகுமா? ஏணியைப் பற்றிப் பேசிய உறவினருக்கு ஒன்று கேட்கிறேன். என் தமக்கையார் இருளில் அட்டையும் பாம்பும் உள்ள காட்டில் ஏறி இறங்கிய நாளில், "இது பெண்ணுக்கு அடுக்குமா?" என்று ஒருவரேனும் வினவியதுண்டா? கூலி குறைந்த வேலையில் பெண்ணுக்கு வராத இழுக்கு, சான்றிதழோடு கூடிய வேலையில் மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது?

நம்மவருள் விரிந்த எண்ணம் இல்லாமற் போகவில்லை. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் பகுதி தோன்றிய காலத்தையொட்டி, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தனர். கொடுத்தவருள் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை அப்பல்கலைக்கழக வாயிலை மிதித்திருக்கும்? எவர் பிள்ளையோ படிக்கட்டுமென்று கொடுத்த வெள்ளி அது. அந்த மனம் இருந்த சமூகத்தில், தன் பிள்ளை தானே தேர்ந்த தொழிலைக் கற்க ஒப்புவது பெரிய ஈகையா என்ன?

என் மனையாளுக்கு இன்னும் சிறிது அச்சம் உண்டு. அதை நான் குறைசொல்ல மாட்டேன். மின்சாரம் விளையாட்டல்ல. என் தமக்கையாரிடம் செய்தியைச் சொன்னபோது, உயரத்தில் ஏறும்பொழுது இடுப்பில் கட்ட வார் கொடுப்பார்களா, கையுறை உண்டா, மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று மூன்றே கேள்விகள் கேட்டார். விடைகளை என் மகளே சொன்னாள். முதற்பருவக் கட்டணத்தில் பாதி தம்முடையதென்று கூறி, அவர் அன்று மாலையே பணத்தைக் கொடுத்தனுப்பினார். ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திட்டுவிட்டேன்.