குழாய் நீரின் தாய்வீடு

திண்டுக்கல் என்றதும் வெளியூரார்க்கு நினைவில் எழுவன பூட்டும், புகையிலையும், பாறைமேல் நிற்கும் கோட்டையும்தாம். இங்கேயே வாழும் நமக்கோ முதற்கவலை தண்ணீர். மேற்கே பழனி மலைத்தொடர் உயர்ந்து நின்று தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அவ்வாண்டு முழுவதும் வறட்சிதான். போதாக்குறைக்கு, தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நகரைச் சுற்றிப் பல இடங்களில் நிலத்தடி நீரும் கெட்டது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கிட்டே உறவினர் வீட்டுக்குப் புறப்பட்ட தாய்மார்கள் நம்மிடையே பலர் உண்டு.

அந்தக் குழாய் நீர் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளைக் கேட்டால் மேல்நிலைத் தொட்டியைக் காட்டுவார்கள். பெரியவர்கள் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைச் சொல்வார்கள். வைகை நீரும் காவிரி நீரும் பிற்காலத்தில் துணைக்கு வந்தன எனினும், நகரின் பழைய தாகம் தீர்த்தது அந்த நீர்த்தேக்கமே. அதற்கும் ஒரு தாய்வீடு உண்டு. கீழ்ப்பழனி மலையில் பெரும்பாறைக்கு அருகே, குடகனாறு அருவியாய் விழும் புல்லாவெளிதான் அது. நம் வீட்டுக் குடத்திற்கு வரும் நீரை எதிர்த்திசையில் நடந்து சென்று காண வேண்டும் என்று நண்பர்கள் நால்வர் முடிவு செய்தோம். மழைக்காலம் ஓய்ந்த மார்கழியில் ஒரு நாளைக் குறித்துக் கொண்டோம். சொந்த வண்டி வேண்டாம், பேருந்தும் கால்களும் போதும் என்பது எங்கள் உடன்பாடு.

பனி விலகாத காலையில் காமராஜர் பேருந்து நிலையத்தில் கூடினோம். நிலையத்துக்கும் அவர் பெயர், நீர்த்தேக்கத்துக்கும் அவர் பெயர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்தவரை இவ்வூர் அன்றாடம் நினைப்பதற்கு இவ்விரண்டும் போதும். மலைக்குச் செல்லும் பேருந்தில் நகரத்துப் பயணிகளைவிடச் சாக்குமூட்டைகளே மிகுதி. அரிசி, உப்பு, கருவாடு, பள்ளிச் சீருடை என்று சமவெளியிலிருந்து மலையேறும் பொருள்களைப் பார்த்துக்கொண்டே சென்றோம். திரும்பி வரும் பேருந்தில் வாழைத்தாரும், மிளகும், காப்பிக்கொட்டையும் இறங்கி வரும். மலையும் சமவெளியும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதை அறிய இந்தப் பேருந்தே போதும்.

செம்பட்டியைக் கடந்ததும் பசுமை தொடங்குகிறது. அய்யம்பாளையத்துத் தென்னைக்கு உழவர்களிடையே தனிப்பெயர் உண்டு. உயர்ந்து வளரும் அந்த நெட்டை இனத்தின் நாற்றைத் தேடி வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். சித்தரேவைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் தோப்புகளும் வயல்களும் சிறுத்துக்கொண்டே போயின. காதடைத்தது. சன்னல் வழியே வந்த காற்றில் ஈரமண்ணின் மணம் கலந்திருந்தது.

பெரும்பாறையில் இறங்கித் தேநீர் அருந்திவிட்டு நடக்கலானோம். இருபுறமும் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. அவற்றின் நிழலில் காப்பிச்செடிகள், இடையிடையே மலைவாழை. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி, மலைவாழைத் தோட்டங்கள் பெரும்பகுதி அழிந்தன. அப்போது பலர் காப்பிக்கு மாறினர். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இந்த மலை உழவர்களுக்கு வழிகாட்டி வருகின்றன.

நிழல்மரங்களின்கீழ் சருகு மெத்தைபோல் கிடந்தது. கையால் விலக்கிப் பார்த்தோம். அடியில் மண் நனைந்து குளிர்ந்திருந்தது. மழை நின்று பல நாளாகியும் ஓடையில் நீர் குறையாததன் காரணம் அங்கே விளங்கிற்று. மரமும் சருகும் மழையைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மரத்தை வெட்டி மலையை மொட்டையாக்கினால், பெய்த மழை ஒரே நாளில் வெள்ளமாய்ப் போய்விடும். கோடையில் நம் குழாயில் காற்றுத்தான் வரும்.

அருவியைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே அதன் ஓசை எங்களை எதிர்கொண்டது. பாறைகளுக்கிடையே பரந்து வரும் ஆறு, திடீரென ஆழ்ந்த பள்ளத்தாக்கில் விழுந்து மறைகிறது. வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானல் செல்லும் வழியில் தொலைவில் தெரியும் தலையாறு அருவி, அதாவது நாம் எலிவால் அருவி என்பது, 297 மீட்டர் உயரமுடையது. அதை எட்ட நின்று வணங்கத்தான் முடியும். புல்லாவெளியோ ஆற்றின் விளிம்புவரை நம்மை அழைத்துச் சென்றுவிடுகிறது. அதன் அழகும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன.

எங்களுள் இளையவர் கால் நனைக்க ஆசைப்பட்டுப் பாறையை நோக்கி இறங்கலானார். அவ்வழியே விறகுக்கட்டோடு வந்த தோட்டத் தொழிலாளியான ஓர் அம்மா சட்டென்று நின்றார். “வேண்டாம் தம்பி, பாறை காய்ந்ததுபோலத்தான் தெரியும். கால் வைத்தால் தெரியும் அதன் குணம். எத்தனை பேருக்கு அழுதிருக்கிறோம்!” என்றார். இளையவர் மறுபேச்சின்றி மேலே ஏறி வந்தார்.

அந்த அம்மாவின் சொல் வெறும் அச்சமன்று. 2022 ஆகஸ்டு மாதம், நண்பர் படம்பிடித்துக்கொண்டிருக்க, விளிம்பில் நின்ற இளைஞர் ஒருவர் வழுக்கி இவ்வருவியில் விழுந்தார். பல நாள் தேடலுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. தெறிக்கும் சாரலில் கண்ணுக்குத் தெரியாத பாசி படிவதால்தான் பாறை இவ்வாறு வழுக்குகிறது. மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயிலடிக்கும்போதே நீர் திடீரெனப் பெருகவும் கூடும். ஆகவே குளிக்கும் எண்ணத்தோடு எவரும் இங்கே வரலாகாது. பாதுகாப்பான தொலைவில் நின்று பார்ப்பதற்கே இது உரிய இடம்.

ஆற்றைவிட்டு நன்கு விலகி, மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். வாழையிலையில் மடித்த புளியோதரையும், பருப்புத் துவையலும் அந்தக் குளிரில் அமுதமாயிருந்தன. சுற்றிலும் கண்ட காட்சிதான் உணவின் சுவையைக் கெடுத்தது. உடைந்த மதுப்புட்டிகள், நெகிழிப் பைகள், சோப்பு உறைகள்! மகிழ வந்தவர்கள் விட்டுச் சென்ற இவையெல்லாம் அடுத்த மழையில் எங்கே போகும்? காமராஜர் நீர்த்தேக்கத்திற்கும், அதன் கீழே வேடசந்தூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கும் ஆற்றுக்கும்தானே! அங்கிருந்து காவிரிக்கு! மலையில் ஒருவன் எறியும் குப்பை, எத்தனையோ ஊரார் குடிக்கும் நீரில் சேருகிறது. கையிலிருந்த பை கொள்ளும் அளவுக்குப் பொறுக்கிக் கட்டிக்கொண்டோம்.

வாசக அன்பர்களே, விடுமுறையில் ஒரு நாள் உங்கள் பிள்ளைகளை இம்மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மழை ஓய்ந்த மாதங்களே ஏற்றவை. காட்டெருமையும் யானையும் நடமாடும் பகுதியாதலால் பொழுதோடு இறங்கிவிடுங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களின் கையை விளிம்பருகே விடாதீர்கள். சோப்பும் எண்ணெயும் வீட்டிலேயே இருக்கட்டும். இறங்கி வரும்போது ஆத்தூர் நீர்த்தேக்கத்தையும் காட்டி, “காலையில் நாம் பார்த்த தண்ணீர் இங்கே வந்து நம் வீட்டுக்குப் புறப்படக் காத்திருக்கிறது” என்று சொல்லுங்கள். அதன்பின் திறந்த குழாயை மூடாமல் ஓடிவிடப் பிள்ளைகளுக்கு மனம் வராது.