தட்டிப் பார்த்தால் தெரியும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா, கோவில்பட்டி பக்கம் ஒரு கரிசல் கிராமம். எப்பவும் ரெண்டு நாள்தான், இந்தத் தடவை எட்டு நாள். அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா அங்கே தனியாத்தான் இருக்கார். போனில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "நல்லாருக்கேம்ப்பா."

சந்தையில் பொங்கல் பானை வாங்கினோம். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டி, காதுகிட்ட வைத்துக் கேட்டார். பார்க்க எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்தது. ரெண்டைத் தள்ளி வைத்தார். "சத்தம் சரியில்ல. கீறல் இருக்கு."

அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தோம். உச்சியில் ரோகிணி, சிவப்பாக. நம்ம வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே, ஆள் கிடைத்தால் விடமாட்டேன் :-)

"அது சிவப்பு ராட்சச நட்சத்திரம்ப்பா. வயசாகி, சூரியனைவிட நாற்பது மடங்குக்கு மேல ஊதிப்போய் நிக்குது. இந்த மாதிரி நட்சத்திரத்தையும் பானை மாதிரி தட்டித்தான் பார்க்கிறாங்க."

"அவ்வளவு தூரம் யாரு போய்த் தட்டுவா?"

நல்ல கேள்வி. யாரும் போக வேண்டாம். மேலே இருக்கிற வாயு, உலையில் சோறு கொதிக்கிற மாதிரி கொதிக்கிறது. அந்தக் கொதிப்பே நட்சத்திரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மொத்த உருண்டையும் அதிர, வெளிச்சம் துளியூண்டு கூடிக் குறைகிறது. 2009-ல் கிளம்பிய கெப்ளர் விண்கலம், வானத்தின் ஒரே பகுதியை நாலு வருஷம் விடாமல் பார்த்து, ஆயிரக்கணக்கான ராட்சசர்களின் நடுக்கத்தை அளந்தது. சிலதில் நடு மையத்திலேயே ஹீலியம் எரியும். சிலதில் மையம் சும்மா கிடக்க, சுற்றிலும் ஹைட்ரஜன் மட்டும் எரியும். வெளியே நிறமும் பருமனும் ஒன்றுபோல இருக்கும். 2011-ல் டிம் பெடிங் குழுவினர் இந்த வித்தியாசத்தைப் பிடித்தார்கள். அடுத்தடுத்த அதிர்வுகளின் காலஅளவு எவ்வளவு தள்ளித் தள்ளி வருகிறது என்று பார்த்தால், ஹைட்ரஜன் மட்டும் எரிவதில் 50 விநாடி வாக்கில் இருக்கும். ஹீலியம் எரிவதில் 100 முதல் 300 விநாடி.

நம்ம ஆள் ஒருத்தர் கதையும் அப்பாவிடம் சொன்னேன். மதராஸ் வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்த காலத்தில், அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் மங்கி மங்கிப் பிரகாசிப்பதை 1867-ல் கண்டுபிடித்தார். அதுவும் ஒரு சிவப்பு ராட்சசன்தான். துடிப்பு மட்டும் ரொம்பப் பெரிது. ஒரு சுற்றுக்கு ஒன்பது மாதம். ரோகிணி உச்சிக்கு வரும்போது அது நேர் தெற்கே தாழ்வாக நிற்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் ஒரு ராத்திரி மட்டும் பார்த்தால் அதுவும் சாதாரணப் புள்ளிதான்.

அப்பா 'உம்' கொட்டிக்கொண்டே தூங்கிவிட்டார்.

ஐந்தாம் நாள் ராத்திரி, அதே மொட்டைமாடி. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ராத்திரி அடுப்பு பத்த வைக்கிறதில்லப்பா. ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்க..."

ரெண்டு வருஷமாக வாராவாரம் போன் பண்ணுகிறேன். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சுப்பா." அதை நம்பி வைத்துவிடுவேன்.

சித்திரைக்குப் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போ ராத்திரி சுவாதி மேலே இருக்கும். அதுவும் ராட்சசன்தான்.