பதினோராம் வகுப்பின் வாயிலில்

பத்தாம் வகுப்புத் தேறியதும் நம் பிள்ளைகள் எடுக்கும் பாடங்களே பின்னர்ப் பல்கலைக் கழகக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன. தில்லியில் எம்மிடம் தங்கிப் பயிலும் தமக்கை மகள், "மாமா, எனக்குப் பொருளியல் போதும், கணிதம் வேண்டாம்" என்றாள். ஆனால், தில்லிப் பல்கலைக் கழகக் கல்லூரிகளில் பொருளியல் சிறப்புப் பட்டத்திற்குக் கணிதம் இன்றியமையாதது. 2022 முதல் அங்கே சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பிற் கற்ற பாடங்களையே அதில் எழுத வேண்டும் என்பது அப்பல்கலைக் கழகத்தின் விதி. அடுத்த வண்டியிற் போகலாம் என்று இருக்க இங்கே இடமில்லை.

இரண்டு நாள் அவள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் விதிகளைத் தானே படித்து, பொருளியலோடு கணிதத்தையும் எழுதிக் கொடுத்தாள்.

அன்பர்களே! மருத்துவமா, பொறியியலா என்று நாம் தீர்ப்புக் கூறுமுன், பிள்ளை விரும்பும் பட்டத்தின் விதிகளை அப்பிள்ளையுடன் அமர்ந்து படிப்போமாக.