செவியாற் படிக்கும் நூல்கள்

நூலைக் கண்ணாற் படிப்பதே உலக வழக்கம். ஆயினும், செவியாற் படிக்கும் நண்பர் சிலரோடு கூடி, ஒரு நாவலைத் தொடக்கம் முதல் முடிவு வரை அண்மையிற் படித்து முடித்திருக்கின்றோம். நூலகமொன்றின் வாசகர்கள் அமைத்த வட்டம் அது. ஆளுக்காள் முகம் பார்த்தறியோம், குரலாலேயே அறிவோம்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் மாலைவேளையில் வாசகர் கூட்டம் நடத்துவது எளிதன்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதி மட்டுமே 50 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது. பஸ் தவறினால் வீடு திரும்புவது எப்படி? உட்கிராமங்களுக்குப் பொழுதுபட்ட பின் செல்வோர்க்கு யானைப் பயம் வேறு. பார்வையுள்ளோர் பாடே இதுவாயின், வெண்பிரம்பு ஊன்றி நடப்பவரை நூலகத்துக்கு வாருங்கள் என்று அழைப்பது உபசாரமாகுமேயன்றி உதவியாகாது. ஆகவே, கூட்டமே தொலைபேசி வழியாக அவர்தம் வீடு தேடிச் செல்கின்றது. சனிக்கிழமை இரவு, உணவு முடிந்தபின், ஒரு மணி நேரம். மழை நாளில் 'சிக்னல்' தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று பேசுவாரும் உளர்.

முதல் நூலாக அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை எடுத்துக்கொண்டோம். 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. நம் மண்ணின் கதையை நம்மவர் கேட்பதற்கு என்ன தடை என்று வினவலாம். தடை இருந்தது, அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

பார்வையற்றோர்க்குப் பிரெய்ல் எழுத்து உண்டே என்பர். பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் ஆறு புள்ளிகளைக் கொண்டு வகுத்த அவ்வெழுத்து, இளமையிற் பயின்றோர்க்குப் பெருந்துணை. ஆனால், 2009 இல் முடிந்த போரினால், வளர்ந்தபின் பார்வை இழந்தோர் நம்மிடையே பலர். முப்பது வயதிற் கண்ணிழந்தவர் விரல்நுனியாற் புதிதாக எழுத்துப் பயில்வது கடினம். வெடியிற் கண்ணோடு கைகளையும் இழந்தவர்க்கோ அது இயலவே இயலாது. அவர்க்கு எஞ்சிய வாயில் செவி ஒன்றே.

அவ்வாயிலைத் திறக்கும் கருவிகளுக்கு இன்று குறைவில்லை. கைத்தொலைபேசியிலேயே திரைவாசிப்பான் உண்டு. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. 2006 இல் அதனைத் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன், அவரும் பார்வையற்றவரே.

குறை நூலின் பக்கத்திலேதான். 2005 இல் ஆர்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கிற் காத்து வைத்துள்ளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக் கொடுத்த சமுதாயத்துக்கு அது செய்துவரும் பணி பெரிது. எனினும், அங்குள்ளவற்றிற் பெரும்பகுதி தாள்களின் படம். படத்தைத் திரைவாசிப்பான் வாசிக்காது, பேசாமல் இருந்துவிடும். 1998 இல் எழுந்த மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்தாகவே தருதலால், திருக்குறளைத் தடையின்றிக் கேட்கலாம். அயலூரைப் பற்றி எழுந்த நாவலைக் கேட்பதுதான் அரிது!

பதிப்பகத்தாரிடம் மூலக்கோப்பு இருந்தாலும் இடர் தீராது. நம் நாட்டிற் பல்லாண்டு வழங்கிய பாமினி எழுத்துரு கண்ணுக்குத் தமிழ். கருவிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். 'அம்மா' என்று தட்டச்சிட்டதைக் கருவி 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று உச்சரிக்கும். அன்னையை இப்படியும் அழைக்கலாமா என்று நம் நண்பர் ஒருவர் நகைத்தார். யுனிகோட் முறைக்கு மாற்றினாலன்றி அக்கோப்பு அவர்க்குப் பயன்படாது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தமிழையும் இப்போது ஓரளவு அறியும். ஆயினும், 'ர'வைக் கால் என்றும், காலை 'ர' என்றும் மயங்கும்; பழைய அச்சிலுள்ள 'னை', 'றா' முதலிய எழுத்துகளைக் கண்டாற் கலங்கும். ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தியே ஆகவேண்டும். நமது வட்டத்திற் பார்வையுள்ளோர்க்கு இட்ட சந்தா அதுதான். பணமன்று, ஆளுக்கு இரண்டு அத்தியாயம். பார்வையற்றோர்க்கு ஏற்ற படிகளை ஆக்குதற்கும், நாடுவிட்டு நாடு பகிர்தற்கும் வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013 இல் எழுந்தது. 2016 இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கலாம். எழுத்துப் பிழையைத் திருத்தாது.

முதல் இரவு, ஓர் ஆசிரியை, "நாற்பதாம் பக்கத்தைப் பாருங்கோ" என்றார்.

"பிள்ளை, எங்களுக்குப் பக்கம் இல்லை. என்ன நடந்த இடம் எண்டு சொல்லும்" என்றார் புதுக்குடியிருப்பிலிருந்து பேசிய முதியவர். அன்றிலிருந்து பக்க எண்ணைக் கைவிட்டோம். பேசுமுன் பெயர் சொல்லுதலும் விதியாயிற்று. இதனாற் பேச்சுச் செம்மைப்பட்டது என்றே கருதுகின்றோம். எண்ணைச் சொல்லித் தப்ப இயலாமையாற் கதையை நன்கு அறிந்தே வரவேண்டியிருந்தது.

சூதறியாத பதஞ்சலியின் அறியாமையை ஆசிரியர் போற்றுகின்றாரா, அதற்கு இரங்குகின்றாரா என்று ஒரு சனிக்கிழமை வாதம் மூண்டது. இளைஞர் ஒருவர், இத்தகைய வெகுளிப்பெண் கற்பனையிலேயே உண்டு என்றார். முதியவர் விடவில்லை.

"தம்பி, தண்ணிமுறிப்பை நீர் பார்த்தீரோ?"

"இல்லை, ஐயா."

"நான் கண் தெரிஞ்ச காலத்திலை பார்த்தனான். அந்தக் காட்டுக்குள்ளை வளர்ந்த பிள்ளை வேறை எப்பிடி இருக்கும்?"

1984 இன் பின் அவ்வூர் மக்கள் இடம்பெயர நேர்ந்ததை வாசகர் அறிவர். அன்று எங்களில் அக்காட்டைக் கண்டவர் அவர் ஒருவரே. காட்டின் ஒலியும் மணமும் குளத்து நீரின் நிறமும் அவர் சொல்ல, மற்றையோர் கேட்டிருந்தோம். வீட்டிற் பிறர் ஓய்ந்த வேளையிற் செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும் வாசித்துக் காட்டப்பெறும் மனிதர் அவர். இளைஞரும் இலேசிற் பணியவில்லை. அடுத்த வாரம் வேறு அத்தியாயத்தை ஆதாரங் காட்டினார். அதிலேதான் முதியவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அடுத்த நூல் செங்கை ஆழியானின் 'காட்டாறு'. திருத்துதற்கு இன்னும் அத்தியாயங்கள் எஞ்சியுள்ளன. நேற்றும் முதியவரின் குரற்பதிவு வந்தது: "கெதியா அனுப்புங்கோ, சனிக்கிழமைக்கு முதல் இரண்டு தரம் கேக்கவேணும்."