வலது காலும் இடது காலும்

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதுசு பொருத்துகிறார்களே, அந்த வித்தைக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டர். 1962-ஆம் வருஷம் நவம்பரில் ஓர் உலோகப் பந்தையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் ஜோடி சேர்த்தார். அந்த ஜோடிக்குள் பொருத்தம் பிரமாதம். அதற்கும் நம் ஊர் வீட்டுக்குந்தான் ஜாதகம் சேரவில்லை.

நம்முடைய வாழ்க்கை தரையோடு ஒட்டியது. கோலம், அரிவாள்மணை, சாப்பாட்டு மணை எல்லாம் தரையில். எழுபது வயது வரை அப்படி வாழ்ந்த என் தாயாருக்கு வலது இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. குந்தக் கூடாது, சம்மணம் கூடாது, இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, குனிந்து பாதத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் அடுக்கினார்.

“நடக்கவாவது கூடுமா?” என்றாள் அம்மா.

“நாளைக்கே நடக்கணும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துபோகும்” என்றார் அவர்.

மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படி ஏறவும் கற்றுக்கொடுத்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

வீடு திரும்பிய அன்று, வாசற்படியில் அம்மா நின்றுவிட்டாள். நல்ல கால் இடது காலாயிற்றே! “இடது காலை வச்சா வீட்டுக்குள்ளே வர்றது?”

ஆரத்தித் தட்டோடு நின்ற என் தங்கைக்குப் பதில் தெரியவில்லை. அப்பாதான் சொன்னார்: “கல்யாணமாகி வந்தப்போ வலது காலைத்தான் வச்சே. ஐம்பது வருஷம் என்னோட மாரடிச்சே. இந்தத் தடவை இடது காலை வச்சுத்தான் பாரேன்.”

சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அதைவிடப் பெரிய படி ஒன்று பாக்கி இருந்தது. குனிய முடியாதவளுக்குச் செருப்பு யார் மாட்டுவது? தங்கை இருந்தவரை கவலையில்லை. குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்காக அவள் ஊருக்குப் போன பிறகு, விடியற்காலையில் அம்மாவோடு விழித்திருப்பவர் அப்பா ஒருவர்தான். புருஷன் தன் காலைத் தொடுவதா? என் மனைவி அடுப்பு வேலை முடித்து வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள் அம்மா. காலை நடை நின்றது. பயிற்சி கொடுக்க வந்த பெண், கால் சதை இளைத்துவிட்டது என்று முகம் சுளித்தாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா சமையலறையிலிருந்து அம்மாவின் மணையைக் கொண்டுவந்து கட்டிலருகே போட்டார். எழுபத்தாறு வயது முழங்கால்கள் மளுக்கென்று சத்தமிட, அதில் உட்கார்ந்தார்.

“ஐயோ, பாவம் என் தலையிலே விடியும்!”

“பாவத்தை அப்புறம் பார்த்துக்கலாம். காலை நீட்டு.”

அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினாள். அன்று கொல்லைவரை நடந்தாள்.

மூன்றாம் மாதம் வாக்கர் பரணுக்குப் போயிற்று. மணை மட்டும் கட்டிலருகிலேயே இருக்கிறது. செருப்பை மாட்டிவிட்டு அப்பா எழுந்திருக்கச் சிரமப்படும்போது, கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவள் அம்மாதான்.